வௌவாலும் தேரையும்: தோட்டத்தின் இரவுக்காரர்கள்

எங்கள் கொய்யாத் தோட்டத்துக்கு இருட்டிய பிறகு வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் கூலியாகப் பழத்தை எடுத்துக்கொள்வார். இன்னொருவர் கூலியே கேட்பதில்லை. முதலாமவரை வலை போட்டுக் கொன்றிருக்கிறேன். இரண்டாமவரின் பிள்ளைகளை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவியிருக்கிறேன். இரண்டையும் செய்தது இயற்கை விவசாயத்துக்கு மாறி மூன்று வருடம் கழிந்த பிறகு. மருந்துக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டால் போதும், நாம் இயற்கை விவசாயி ஆகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

பழனிக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் கொய்யா, லக்னோ 49 ரகம். வரப்போரம் வரிசையாகப் பனை. வாய்க்கால் மேட்டில் அப்பாரு காலத்து இலுப்பை ஒன்று. கிணற்றடியில் ஒரு சிமெண்ட் தொட்டி. இவ்வளவுதான் எங்கள் தோட்டம். நீங்களும் இதே மாதிரி ஒரு இடத்தில்தான் விவசாயம் பார்ப்பீர்கள் என்பதால் சொல்கிறேன்.

அந்த மாசி மாதம் பழச்சேதம் அதிகமாக இருந்தது. பெட்டியில் கடிபட்ட பழம் ஒன்று இருந்தாலும் வியாபாரி மொத்தப் பெட்டிக்கும் விலையைக் குறைப்பார். கடையில் மலிவாகக் கிடைத்த மெல்லிய நைலான் வலையை, மீன்வலை மாதிரி பெரிய கண் உள்ளதை, வாங்கி வந்து ஆறு மரத்தின் மேல் தொளதொளவென்று போட்டேன். விடிந்து போய்ப் பார்த்தால் வலையில் மூன்று வௌவால். இரண்டு செத்திருந்தன. மூன்றாவது உயிரோடு இருந்தது. இறக்கைத் தோல் கிழிந்து, நைலான் இழை கழுத்தில் இறுகியிருந்தது. அதன் மார்பில் என் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குட்டி, தாயின் காம்பைக் கவ்வியபடி.

எட்டாவது படிக்கும் மகள் கூட வந்திருந்தாள். "அப்பா, இது பால் குடிக்குதுப்பா" என்றாள். கையில் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, கத்தரிக்கோலால் இழையை வெட்டி எடுத்தோம். தாய் மதியத்துக்குள் போய்விட்டது. குட்டி சாயந்திரம் வரை இருந்தது.

அதே வருடம் ஐப்பசியில், மழை பிடித்த மறுநாள், தொட்டியின் உள்சுவரில் தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, கைப்பிடி அளவுக்கு வெள்ளை நுரை ஒட்டியிருந்தது. யாரோ துணி துவைத்த சோப்பு நுரை என்று நினைத்தேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, "பாம்பு துப்புன எச்சி கண்ணு, தொடாத" என்றார். தொடாமல், பிளீச்சிங் பவுடர் தூவி, தென்னை ஈர்க்குமாரால் தேய்த்துக் கழுவி விட்டேன். அது தேரையின் முட்டைக்கூடு என்று தெரிந்தது அடுத்த வருடம்தான்.

அதற்குப் பிறகுதான் இந்த இரண்டு பேரைப் பற்றியும் உட்கார்ந்து படிக்கவும், இரவில் டார்ச் லைட்டோடு தோட்டத்தைச் சுற்றவும் தொடங்கினேன். மகள் அன்று கேட்ட கேள்வி ஒன்று கூடவே வந்தது: "இந்த ரெண்டுல எதுப்பா நமக்கு உதவி?"

முதலில் ஆளை அடையாளம் தெரிந்துகொள்வோம். என் வலையில் செத்தது குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால். அறிவியல் பெயர் சைனாப்டெரஸ் ஸ்பிங்ஸ். எடை ஒரு கோழி முட்டை அளவு, இறக்கையை விரித்தால் சுமார் ஒன்றரை அடி. பெரிய கண், நாய்க்குட்டி முகம், காது ஓரத்தில் வெளுப்பாக ஒரு கரை. வளர்ந்த ஆணுக்குக் கழுத்தைச் சுற்றிச் செம்பட்டை நிறம். ஆலமரத்தில் நூற்றுக்கணக்கில் தொங்கிக்கொண்டு பகலெல்லாம் சத்தம் போடும் பெரிய பழந்தின்னி இதன் உறவுதான், ஆனால் வேறு இனம். அது ஒரு கிலோவைத் தாண்டும், இறக்கை நாலடி. தெருவிளக்கைச் சுற்றிப் பூச்சி பிடிக்கிற சின்ன வௌவால்கள் இன்னொரு கூட்டம். நம் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியை வைத்து வழி கண்டுபிடிக்கிறவை அவைதான். குட்டைமூக்கு வௌவால் அப்படி இல்லை. கண்ணாலும் மூக்காலும்தான் பழத்தைத் தேடும்.

நுரைக்குச் சொந்தக்காரர் மரத்தவளை. அறிவியல் பெயர் பாலிபிடேட்ஸ் மாக்குலேட்டஸ். எங்கள் பக்கம் தேரை என்கிறோம். சில ஊர்களில் தரையில் தத்துகிற சொறித்தவளையையும் தேரை என்றே சொல்வார்கள். அதனால் பெயரை வைத்துச் சண்டை போட வேண்டாம், உடம்பைப் பாருங்கள். ஒல்லி உடம்பு, நீளமான கால், ஒவ்வொரு விரல் நுனியிலும் பொட்டு வைத்த மாதிரி ஒரு வட்டத் தட்டு. பின்தொடையின் உள்பக்கம் மஞ்சள் புள்ளிகள். பெண் மூன்று அங்குலம் வரை வரும், ஆண் அதைவிடச் சிறிசு. காய்ந்த நாளில் நிறம் வெளுத்து ஏறக்குறைய வெள்ளையாகிவிடும். சுண்ணாம்பு அடித்த சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால் கண்ணுக்கே தெரியாது. ஆங்கிலத்தில் இதற்குச் 'சுண்ணம்' தவளை என்று ஒரு பெயர் உண்டு. அந்தச் சொல் இங்கிருந்து போனதுதான்.

இரண்டும் மரத்தில் வாழ்கின்றன, இரண்டும் இரவில் வேலை செய்கின்றன. ஆனால் மரத்தைப் பிடிக்கிற விதத்திலேயே வித்தியாசம் தொடங்கிவிடுகிறது. வௌவால் தொங்கும், தேரை ஒட்டும். வௌவாலின் காலில் உள்ள தசைநாண், உடம்பின் எடை கீழே இழுக்கும்போது தானாகவே விரலை மடக்கிப் பூட்டிவிடும். தொங்குவதற்கு அதற்கு எந்த முயற்சியும் வேண்டியதில்லை, விடுவதற்குத்தான் முயற்சி வேண்டும். செத்த வௌவால்கூடக் கிளையில் தொங்கிக்கொண்டிருப்பது இதனால்தான். தேரையின் விரல் தட்டில் தேன்கூட்டு அறை மாதிரி நுண்ணிய பகுதிகள். நடுவில் ஓடும் பள்ளங்களில் ஈரமான வழுவழுப்பு. ஈரக் கண்ணாடியில் காகிதம் ஒட்டுகிற மாதிரி சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒன்றுக்கு எடை பலம், இன்னொன்றுக்கு ஈரம் பலம். இந்த ஈரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவோம்.

வீடு கட்டுவதிலும் இருவரும் சாமர்த்தியசாலிகள். ஆண் வௌவால் நெட்டிலிங்க மரத்தின் தொங்கும் கிளைகளுக்குள், படர்கொடிகளுக்குள், பனையின் காய்ந்த ஓலைக்கு அடியில், இலைக் காம்புகளையும் சிறு கொப்புகளையும் கடித்துக் கடித்து, மணியைக் கவிழ்த்த மாதிரி ஒரு கூடாரம் செய்யும். கூடாரம் நன்றாக இருந்தால் பெண்கள் வந்து சேரும். ஒரு ஆணைச் சுற்றிப் பல பெண்கள் தொங்கும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தினரும் பாளையங்கோட்டைக்காரர்களும் பல வருடம் பார்த்து எழுதிய விஷயம் இது. வருடத்துக்கு இரண்டு முறை குட்டி போடும். மாசியை ஒட்டி ஒன்று, ஆனி ஆடியை ஒட்டி ஒன்று. ஒரு முறைக்கு ஒரே குட்டி. அதை மார்பில் சுமந்துகொண்டு பறக்கும்.

தேரை முட்டை போடுவது வேறு கதை. மழை பிடித்ததும் ஆண்கள் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, யாரோ நாக்கைத் தட்டுகிற மாதிரி "டக்... டக்..." என்று கூப்பிடும். ஆண் முதுகில் ஏறிக்கொள்ள, பெண் ஒரு திரவத்தைச் சுரந்து, பின்னங்கால்களால் முட்டையின் வெள்ளைக்கருவை அடிக்கிற மாதிரி அடித்து நுரையாக்கும். அதற்குள் நூற்றுக்கணக்கில் முட்டை. கூடு தண்ணீருக்கு நேர் மேலே இருக்கும்படி இடம் பார்க்கும். வெளி நுரை காய்ந்து ஓடு மாதிரி ஆகிவிட, உள்ளே ஈரம் நிற்கும். தண்ணீரில் முட்டையிட்டால் மீன் தின்னும், பூச்சி தின்னும். வெறும் சுவரில் போட்டால் காய்ந்துபோகும். இரண்டுக்கும் நடுவில் இப்படி ஒரு வழி. சில நாளில் நுரை இளகி, தலைப்பிரட்டைகள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விழும். அதைப் பார்ப்பதற்காகவே ஒரு ராத்திரி தூக்கத்தை விடலாம்.

இப்போது கணக்குக்கு வருவோம், நமக்கு அதுதானே முக்கியம்.

வௌவால் பழம் தின்னும் என்பதில் சந்தேகமில்லை. கொய்யா, சப்போட்டா, வாழை, மாம்பழம் எதையும் விடாது. ஆனால் தோட்டத்தில் நடக்கிற எல்லாச் சேதத்தையும் வௌவால் கணக்கில் எழுதுவது நம் வழக்கம். நானும் அப்படித்தான் எழுதினேன். பிறகு தினமும் காலையில் கீழே விழுந்து கிடப்பதைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தபோதுதான் கணக்கு மாறியது. அணில் பகலில் வரும். பழத்தைச் சுரண்டி, கிளையிலேயே கிண்ணம் மாதிரி குடைந்து வைக்கும். கிளி அலகால் கொத்தி, தின்றது பாதி சிதறியது பாதியாக மரத்தடியிலேயே போடும். குட்டைமூக்கு வௌவால் பெரும்பாலும் பழத்தைக் காய்த்த மரத்தில் உட்கார்ந்து தின்னாது. வாயில் கவ்விக்கொண்டு வேறு மரத்துக்குப் போகும். அங்கே மென்று சாற்றை விழுங்கிவிட்டு, சக்கையைத் தட்டையான உருண்டையாகத் துப்பும். ஆகவே வௌவால் தின்றதற்குச் சாட்சி கொய்யா மரத்தடியில் இருக்காது. பனையடியில், இலுப்பையடியில் கிடக்கும். சக்கை உருண்டை இல்லாத இடத்தில் வௌவாலைத் திட்டுவதில் அர்த்தமில்லை. எங்கள் தோட்டத்தில் பாதிக்கு மேல் அணில் வேலை.

இன்னொன்று, வௌவால் தேடுவது பழுத்த வாசனையை. சந்தைக்குப் போகிற கொய்யாவை நாம் நிறம் மாறத் தொடங்கும்போதே பறித்துவிடுகிறோம். மரத்திலேயே பழுக்க விட்டு, அறுவடையை நாலு நாள் தள்ளிப் போடுகிற தோட்டத்தில்தான் வௌவால் சேதம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இருக்கிறது. அந்த மாசியில் நான் செய்தது அதுதான். பறிக்க ஆள் கிடைக்கவில்லை. ஆள் கிடைக்காத கோபத்தை வலையில் காட்டியிருக்கிறேன்.

அது தருகிற கூலிக்கு வருவோம். கொய்யா, ஆல், அரசு, அத்தி மாதிரி பொடி விதைகள் பழத்தோடு உள்ளே போய், அரை மணி நேரத்துக்குள் எச்சத்தோடு எங்கேயோ விழும். பெரிய கொட்டை உள்ளவை, இலுப்பை, புன்னை, நாட்டு வாதுமை போன்றவை, தின்கிற மரத்தடியில் விழும். எங்கள் பனை வரிசைக்கு அடியில் இலுப்பைக் கன்று முளைத்திருக்கிறது. நடவில்லை, யாரும் கொட்டை போடவில்லை. தாய் மரம் இருப்பது தோட்டத்தின் மறுகோடியில். அம்மா சின்ன வயதில் விளக்கெண்ணெய்க்கு இலுப்பைக்கொட்டை பொறுக்கப் போவாராம். மரத்தடியில் பொறுக்குவதைவிட வௌவால் துப்பிய இடத்தில் பொறுக்குவது சுலபம், சதையெல்லாம் தின்று கொட்டையைச் சுத்தமாகப் போட்டிருக்கும் என்பார். பங்குனி சித்திரையில் இலுப்பை பூக்கும்போது இனிப்பான பூ இதழைத் தின்ன வருவதும் வௌவால்தான். இதழைத் தின்று மகரந்தத்தை முகத்தில் பூசிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகும். இலவம் பஞ்சு மரமும் இரவில்தான் பூ விரிக்கிறது, அதுவும் வௌவாலை நம்பித்தான். ஊரில் இலுப்பை குறைந்துகொண்டே போகிறது என்று கவலைப்படுகிறோம். இருக்கிற மரத்துக்கு மகரந்தம் சுமப்பவனையும் விதை சுமப்பவனையும் நாமே வலை போட்டுப் பிடித்தால், நர்சரியிலிருந்து எத்தனை கன்று வாங்கி ஈடு கட்டுவது?

சட்டமே வெகுகாலம் அப்படித்தான் பார்த்தது. 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், எலி, சுண்டெலி, காகத்தோடு பழந்தின்னி வௌவாலையும் தீங்குயிர் என்று ஐந்தாவது அட்டவணையில் வைத்தது. யார் வேண்டுமானாலும் கொல்லலாம். இதில் ஒரு வேடிக்கை, தேனி மாவட்டத்து மேகமலையில் 1948இல் பிடிக்கப்பட்ட ஒரு பழந்தின்னி, அது தனி இனம் என்று 1972இல்தான் கண்டுபிடித்து சலீம் அலி பெயரைச் சூட்டினார்கள். பிற்பாடு அந்த ஒன்றை மட்டும் முதல் அட்டவணைக்கு ஏற்றி உச்சப் பாதுகாப்பு கொடுத்தார்கள், மற்ற உறவுக்காரர்கள் எலியோடு கிடந்தார்கள். 2022இல் வந்த திருத்தத்தில்தான் அந்தத் தீங்குயிர் அட்டவணை எடுக்கப்பட்டது.

தேரையின் கணக்கு எளிது. பாச்சை, கரப்பான், அந்துப்பூச்சி, வெட்டுக்கிளி, கறையான், சிலந்தி என்று வாய்க்குள் அடங்குகிற அளவில் அசைகிற எதையும் தின்னும். தேரை இருந்தால் பழ ஈ ஒழிந்துவிடும் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன், பழ ஈ பகலில் வேலை செய்கிறது. ஆனால் இரவில் இலைமேல் உட்காருகிற பூச்சிகளைப் பிடிக்க நம்மிடம் வேறு ஆள் இல்லை. வௌவாலை விரட்ட ஒருமுறை தோட்டத்தில் பல்பு கட்டினேன். பல்புக்குப் பூச்சி வந்தது. பூச்சிக்குத் தேரை வந்தது. காலையில் தேரையைத் தேடிக் கொம்பேறி மூக்கன் வந்தது. வௌவால் இரண்டு நாள் வராமல் இருந்து மூன்றாம் நாள் வந்தது. கரண்ட் பில்தான் மிச்சம். (கொம்பேறி மூக்கனுக்கு விஷம் கிடையாது, அதையும் அடிக்க வேண்டாம்.)

தேரைமேல் நமக்கு இருக்கிற பழைய பகை பூச்சியைப் பற்றியதல்ல, தேங்காயைப் பற்றியது. பக்கத்துத் தோட்டத்து மாமாவுக்கு முப்பது தென்னை. போன வருடம் நாலு மரத்தில் ஒல்லிக்காயாகவே வந்தது. உடைத்தால் பருப்பும் இல்லை, தண்ணியும் இல்லை. "தேரை மோந்துருச்சு மாப்ளே. உன் தொட்டியில வளக்குறியே, அதெல்லாம் என் மரத்துலதான் ஏறுது" என்று என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார்.

மாமா பார்த்ததில் பாதி உண்மை. தேரை தென்னையில் ஏறும். மட்டை இடுக்கில் எப்போதும் ஈரம் இருக்கும், நிழல் இருக்கும், பூச்சியும் இருக்கும். கோடையில் அதைவிட நல்ல இடம் தேரைக்கு எங்கே கிடைக்கும்? தேங்காய் பறிக்க ஏறுகிறவர் தேரையையும் பார்க்கிறார், அதே குலையில் ஒல்லிக்காயையும் பார்க்கிறார். இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள் நம் முன்னோர். நார் மூடிய மட்டைக்குள், ஓட்டுக்குள் இருக்கிற தண்ணீரை ஒரு தவளை மோந்து எப்படி எடுக்கும்? பல் கூடச் சொல்லிக்கொள்ளும்படி இல்லாத பிராணி. உண்மையில் ஒல்லிக்காய் வருவது மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காததாலும், சாம்பல் சத்தும் போரான் சத்தும் குறைவதாலும். வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்குப் பொட்டாஷும் போராக்ஸும் சொல்கிறது. மாமாவிடம் நான் சொன்னது அடுப்புச் சாம்பல், தொழு உரம், வட்டப்பாத்தியில் மூடாக்கு, ஊடே தேனீப் பெட்டி. இப்போது இரண்டு மரத்தில் காய் தேறி வருகிறது, மற்ற இரண்டில் இன்னும் இல்லை. மாமா பாதிதான் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

தேங்காயோடு போனால் பரவாயில்லை. குழந்தை மெலிந்துகொண்டே போனால் தேரை தோஷம் என்று மந்திரிக்கக் கூட்டிப் போகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. மெலிகிற குழந்தைக்குச் சாப்பாடு போதவில்லை, அல்லது உள்ளே நோய் இருக்கிறது. உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒரு தவளைமேல் பழி போட்டு நாளைக் கடத்தினால் இழப்பு குழந்தைக்கு.

மகளின் கேள்விக்கு நான் கண்ட விடை, இருவருடைய உதவியையும் ஒரே படியில் அளக்க முடியாது என்பது. அதைவிட முக்கியமாக எனக்குப் பட்டது இருவருடைய பலவீனம். வௌவாலின் பலவீனம் எண்ணிக்கை. வருடத்துக்கு இரண்டே குட்டி. மாசியில் ஒரு தாயைக் கொன்றால் குட்டியும் சேர்ந்து போகிறது. என் ஆறு மர வலை ஒரே ராத்திரியில் நாலு உயிரை எடுத்தது. அதை ஈடு செய்ய ஒரு தாய்க்கு இரண்டு வருடம் வேண்டும், அதுவும் பிறந்த குட்டியெல்லாம் பிழைத்தால். தேரைக்கு எண்ணிக்கை பஞ்சமில்லை, ஒரு நுரையில் நூற்றுக்கணக்கில். அதன் பலவீனம் தோல். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகத்தான். மரத்தைப் பிடிக்க உதவுகிற அதே ஈரம், தண்ணீரில் என்ன கலந்திருந்தாலும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. தலைப்பிரட்டை முழுநேரமும் அந்தத் தண்ணீரிலேயே கிடக்கிறது. ஒரு தொட்டியைக் கெடுத்தால் அந்த வருடத்துப் பிள்ளைகள் மொத்தமும் போச்சு.

இங்கே இயற்கை விவசாயிகளாகிய நமக்கு ஒரு எச்சரிக்கை. நம் இடுபொருள் எல்லாம் தவளைக்கு நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். போர்டோ கலவையில் இருக்கிற தாமிரம் தலைப்பிரட்டைக்குக் கடும் விஷம். புகையிலைக் கரைசலும் அப்படித்தான். வேப்பெண்ணெயில் கலக்கிற சோப்புக் கரைசல்கூட நீரில் கலந்தால் அதன் தோலைப் பாதிக்கும். தெளிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. தெளிப்பானைத் தொட்டியில் கழுவாதீர்கள். தொட்டி ஓரத்து மரங்களுக்கு மழைக்காலத்தில் தெளிக்காதீர்கள். தொட்டி கழுவ வேண்டும் என்றால் கோடையில், நுரையும் தலைப்பிரட்டையும் இல்லாத நேரத்தில், வெறும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினால் போதும். தேரைக் குஞ்சு சுவரில் ஏறி வெளியே போய்விடும், ஆனால் மற்ற தவளைகளுக்கு அந்தத் திறமை இல்லை. செங்குத்தான தொட்டியில் விழுந்து நீந்திக் களைத்துச் சாகும். ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள்.

நம் வயல் தவளைகளின் காலை வெட்டி வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நாடு இது. 1987இல்தான் அந்த ஏற்றுமதியைத் தடை செய்தார்கள். வெட்டப்பட்டது பெரிய வயல் தவளை, தேரை இல்லை. ஆனால் தவளை போன வயலில் பூச்சிக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்வி இரண்டுக்கும் பொது.

வலையை நான் முழுக்க விடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சுண்டுவிரல் நுழையாத அளவுக்குச் சின்னக் கண் உள்ள வெள்ளை வலையை, மூங்கில் சட்டத்தில் விறைப்பாகக் கட்டினால் வௌவால் மோதித் திரும்பிவிடும், சிக்காது. ஆனால் செலவு அதிகம், எல்லா மரத்துக்கும் முடியாது. மற்ற மரங்களில் காய் எலுமிச்சை அளவு வந்ததும் துணிப்பை கட்டுகிறோம். அது பழ ஈக்கும் தடுப்பு. வேலியோரம் தேன்பழ மரம் நாலு வைத்திருக்கிறேன். வருடம் முழுக்கப் பழுக்கும், வௌவாலுக்கு உயிர். கொய்யாவுக்கு வருகிற கூட்டம் அங்கே நின்றுவிடுகிறதா என்று மகள் நோட்டில் எழுதி வருகிறாள்.

நோய் விஷயத்தை மறைக்கக் கூடாது. நிபா வைரஸைச் சுமப்பது பெரிய பழந்தின்னி வௌவால் என்று உறுதியாகியிருக்கிறது. 2018இல் கோழிக்கோட்டில் பல உயிர் போனது. வங்கதேசத்தில் ஈச்சஞ்சாற்றுக் கலயத்தில் வௌவால் வாய் வைத்ததால் பரவியது. அங்கே இப்போது கலயத்தின் வாயை மூங்கில் தட்டியால் மறைக்கச் சொல்கிறார்கள். பதநீர் இறக்குகிறவர்களும் கலயத்தை மூடிக் கட்டுவது நல்லது. கடிபட்ட பழம் எந்தப் பிராணி கடித்ததானாலும் தின்ன வேண்டாம், மாட்டுக்கும் போட வேண்டாம், குழியில் போட்டு மூடுங்கள். விழுந்து கிடக்கிற வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள். ஆஸ்துமாவுக்கு வௌவால் கறி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், குணமாகாது, வேட்டையாடி உரிக்கிறவருக்கு ஆபத்துதான் மிச்சம். அதே சமயம் பயந்துகொண்டு மரத்தை வெட்டினாலோ, வெடி போட்டுக் கலைத்தாலோ, ஒரே இடத்தில் இருந்த வௌவால்கள் ஊரெல்லாம் சிதறும். தொங்குகிற இடத்தில் விட்டுவிட்டு நாம் தள்ளி இருப்பதுதான் பாதுகாப்பு.

மகள் இன்னொன்றும் கேட்டாள்: வௌவால் தேரையைத் தின்னுமா? பழந்தின்னி தின்னாது. பாழடைந்த மண்டபத்திலும் பழைய கட்டடத்திலும் தங்கும் வேறொரு வௌவால் இருக்கிறது, இரண்டு காதும் நெற்றியில் ஒட்டிச் சேர்ந்திருக்கும். அது தவளை, எலி, பல்லி எல்லாம் தின்னும். அது நம் தோட்டத்துக்கு வந்தால் அதன் கணக்கைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

தை பிறந்ததும் எங்கள் ஊரில் பனை கழிப்பார்கள். காய்ந்த ஓலையை எல்லாம் சீவி எடுத்து மரத்தை மொட்டையாக்கிவிடுவார்கள். அந்த ஓலைக்கு அடியில்தான் குட்டைமூக்கு கூடாரம் போட்டிருக்கிறது, அடுத்த மாதம் குட்டியும் போடும். இந்தத் தடவை மரம் ஏறுகிற அண்ணனிடம் வாய்க்கால் பக்கத்து மூன்று பனையைக் கழிக்காமல் விடச் சொல்லிவிட்டேன். சரி என்றார். "கூலிய மட்டும் கொறைக்காதீங்க தம்பி" என்றும் சொன்னார். குறைக்கவில்லை.